பனி ஒட்டாத முருகன்

போன ஆண்டு ஆகஸ்ட் மாதம், விக்டோரியா மாநிலத்தின் மலைப்பகுதியில், பனிச்சறுக்குக்காரர்கள் கார் நிறுத்தும் ஒரு மைதானத்தின் ஓரத்துக் கொட்டகையில் இது நடந்தது. ஆஸ்திரேலியாவில் பனி பெய்யும் என்று கோயம்புத்தூரில் சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. கங்காரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

மெல்பர்னில் கிளேட்டன் பக்கம், பிள்ளைகளோடு வந்து சேர்ந்துவிட்ட ஓய்வுபெற்றவர்கள் சிலர் ஒரு குழுவாக இருக்கிறோம். சனிக்கிழமைகளில் நடைப்பயிற்சி செய்கிறோம், அதாவது காபிக் கடை வரை. அந்தக் குளிர்காலத்தில் யாருக்கோ பனியைப் பார்க்கும் ஆசை வந்து, மலைமேல் ஒரு சிறிய விடுதியில் தங்க ஏற்பாடு செய்தோம். விடுதிவரை கார் போகாது. ஆட்களைச் சங்கிலிச் சக்கரம் வைத்த ஒரு பனிப் பேருந்து மேலே ஏற்றிவிடும். பெட்டி படுக்கைகளையும் சமையல் சாமான்களையும் விடுதியின் ஸ்னோமொபைல் பின்னால் கட்டிய சறுக்குப் பெட்டியில் இழுத்துக்கொண்டு வரும்.

ஸ்னோமொபைல் என்பது சக்கரமில்லாத ஸ்கூட்டர் மாதிரி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், அடியில் பட்டையாக ஒரு ரப்பர் தடம். எஞ்சினின் சுழற்சியை அந்தத் தடத்துக்குக் கொண்டுபோவது ஒரே ஒரு பெல்ட். அது இரண்டு புல்லிகளுக்கு நடுவில் ஓடும். அந்தப் புல்லிகள்தாம் கிளட்ச். விரிந்தும் சுருங்கியும் பெல்ட்டை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, கியர் போடாமலே கியர் மாற்றும் வேலையைச் செய்யும். நல்ல புத்திசாலித்தனமான ஏற்பாடு. புத்திசாலித்தனமான எல்லாவற்றையும் போல, அதற்கும் சூடு மட்டும் ஒத்துக்கொள்ளாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், நான் கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். நூற்பாலை என்பது கூரை போட்ட பெல்ட் மைதானம். பெல்ட் ஏன் கிழியும், ஏன் வழுக்கும், ஏன் கத்தும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எதைப் பார்ப்பது, அடுத்து எதைப் பார்ப்பது என்று. அந்த வரிசையைத் தாண்டி நான் எதையும் தொட்டதில்லை. நான் மில்லிலிருந்து ஓய்வுபெற்றதாகவும் மில் என்னிடமிருந்து இன்னும் ஓய்வுபெறவில்லை என்றும் என் மனைவி சொல்வது வழக்கம்.

காலையில் எங்கள் குழு பனிப் பேருந்தில் ஏறிப் போயிற்று. சாமான்களுக்குக் காவலாக நானும் மனைவியும் கொட்டகையில் நின்றோம். ஸ்னோமொபைல் கண்ணில் படுவதற்கு முன்பே எரிந்த ரப்பர் வாசனை வந்து சேர்ந்தது. நான் மூக்கை உயர்த்தியதைப் பார்த்து மனைவி பெருமூச்சு விட்டாள்.

ஓட்டிக்கொண்டு வந்தவர் விடுதியைப் பார்த்துக்கொள்பவர். நாற்பதைத் தாண்டிய ஈழத்துப் பெண்மணி. ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு சிரித்தார்.

"வாங்கோ அங்கிள், வாங்கோ அன்ரி. கன நேரம் குளிருக்க நிண்டிட்டியளோ?"

"இருக்கட்டும் கண்ணு. அட, முருகன்!" என்றாள் மனைவி.

வண்டியின் இடது பக்க மூடியில், காலண்டர் அளவில் ஒரு முருகன் ஸ்டிக்கர். வேலும் மயிலுமாக, மழைக்கும் பனிக்கும் தாங்கும் தடித்த பிளாஸ்டிக்கில், பளபளவென்று இருந்தார். ஏறி உட்காருவது இடது பக்கமாகத்தான் என்பதால், தினமும் அவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுவதாக அந்தப் பெண்மணி சொன்னார். மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் கும்பிட்டேன். இந்த இடத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பெல்ட் எரியுதே அம்மா" என்றேன்.

அவர் முகம் மாறியது. விஷயம் மெல்ல வெளியே வந்தது. போன கிழமை, நம் கணக்கில் போன வாரம், ஒரு பெல்ட் போயிற்று. இந்தக் கிழமை இன்னொன்று. இப்போது வண்டியில் இருப்பதும் போகிற நிலை. கையில் மிச்சம் ஒரே ஒரு புது பெல்ட். விடுதியை நடத்தும் குழுவின் செயலாளர் அன்று பின்னேரம் வருகிறார்.

"இன்னொண்டும் எரிஞ்சா சாமான் ஏத்திற வேலையை வெளியாக்களிட்ட குடுத்திடுவினமாம். என்னைச் சமைக்கவும் கூட்டவும் வைச்சிருப்பினம். வண்டி ஓட விடமாட்டினம் அங்கிள்."

"வேலை போகாதில்ல? அப்புறம் என்ன?" என்றேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கையுறையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்னங்க, நீங்கதான் பாருங்களேன்" என்றாள் மனைவி. நான் கோட்டைக் கழற்றி முடித்துவிட்டிருந்தேன்.

பெல்ட்டைப் பார்க்க இடது பக்க மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். கீழே வைக்க முடியுமா, முருகன் அல்லவா? சுவரோரம் சாய்க்கலாம் என்றால் தரையெல்லாம் எண்ணெய்.

"கதிரையில வையுங்கோ அங்கிள்" என்று ஒரு நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டார். அதில் முருகனை எங்களைப் பார்க்கும்படி உட்கார்த்தி வைத்தேன். மனைவி தன் பையிலிருந்த ஒரு மல்லிகைச் சரத்தின் மிச்சத்தை மேலே சாத்தினாள். மில்லில் என் மேலதிகாரிகள் யாரும் இவ்வளவு வசதியாக உட்கார்ந்து என் வேலையை மேற்பார்வை செய்ததில்லை.

வரிசைப்படி தொடங்கினேன். பெல்ட்டின் பக்கங்கள் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னின. சூட்டில் வழுக்கிய அடையாளம். சூடு எதனால்? சரியான பெல்ட்தானா? எண்ணைப் பார்த்தோம். சரி. அம்புக்குறி ஓடும் திசையில் இருந்ததா? இருந்தது. புது பெல்ட்டில் தொழிற்சாலைப் பிசுக்கு இருக்கும், அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் போட்டால் வழுக்கும்.

"கழுவிப் போட்டனீங்களா?" என்று அவர் பாஷையிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"ஓம் அங்கிள், கழுவிக் காயவைச்சுத்தான் போட்டனான்" என்றவர், என் 'போட்டனீங்களா'வைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கிளட்ச் புல்லிகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? இல்லை. இருந்தாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா? நீளமான சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. ஸ்பிரிங் முறிந்திருக்கிறதா, புல்லி விரியும்போது சிக்குகிறதா? எல்லாம் வழுவழுவென்று ஓடின. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் "சரி" என்று சொல்லச் சொல்ல, அந்தப் பெண்மணியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. பழுது கிடைத்தால்தானே தீர்க்கலாம்.

கடைசிப் பெல்ட்டை அவர் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கதகதப்பாக்கித் தந்தார். குளிர்ந்து விறைத்த பெல்ட்டை ஓட்டக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மாட்டி, மூடியைப் பூட்டி, சறுக்குப் பெட்டியில் பாதிச் சாமானை ஏற்றி, மைதானத்தைச் சுற்றி வரச் சொன்னேன். வந்தார். எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, முருகனைக் கதிரையில் அமர்த்திவிட்டுப் புல்லியைத் தொட்டேன். தோசைக்கல்.

மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தால் அப்போதே குட்டு உடைந்திருக்கும். ஆனால் காப்பு மூடி இல்லாமல் பெல்ட்டை ஓடவிடுவது என் வாழ்நாளில் நடக்காத காரியம். மில்லில் அதற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். எனவே ஒவ்வொரு முறையும் பூட்டி ஓட்டினோம், ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தோம். பூட்டினால் காய்ச்சல், திறந்தால் நோயாளி நலம். தடம் எங்காவது உறைந்து இழுக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பின்பக்கத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தேன். அதுவும் இல்லை.

வரிசை தீர்ந்துவிட்டது. வரிசை தீர்ந்தால் பராமரிப்புக்காரர்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். ஓட்டுகிறவரைப் பார்த்தேன்.

"ஏம்மா, ஏத்தத்துல முறுக்கறீங்களோ?"

"இல்லை அங்கிள். ஆறுதலாத்தான் ஓடுறனான்."

எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் சாவு வீட்டில் சொல்வது. இவர் யாருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார் என்று விழித்தேன். "மெதுவாங்கறாங்க" என்று மனைவி விளக்கினாள். அவள் ஈழத்துத் தோழிகளோடு தினமும் போனில் பேசுகிறவள்.

"எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம். நான் முரட்டுத்தனமா ஓடுறனெண்டு. நீங்களும் சொல்லிப்போட்டியள்" என்றார் அந்தப் பெண்மணி. குரல் தழுதழுக்கவில்லை. தழுதழுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏறுங்கோ அங்கிள். நீங்களே பின்னால இருந்து பாருங்கோ."

"இந்த வயசுல இவரா?" என்றாள் மனைவி.

"பயப்பிடாதேங்கோ அன்ரி. விழுந்தாலும் பனியிலதான் விழுவார்."

ஏறினேன். பாதி ஏற்றம் வரை போனோம். அவர் ஓட்டியதில் ஒரு குறை சொல்ல வழியில்லை. விசையைச் சீராகக் கொடுத்து, வளைவுக்கு முன்பே தணித்து, பால் செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு போவது போலப் போனார். நான்தான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அவர் பின்னால் இருந்த கம்பியை நசுக்கிக்கொண்டிருந்தேன். மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில், பெல்ட் ஆறட்டும் என்று நிறுத்தினார். சுற்றிலும் வெள்ளை. ஒரு சத்தம் இல்லை.

"அங்கிள், வில்லாவுட் தெரியுமோ?"

தெரியும். சிட்னியில் அகதிகளை அடைத்து வைத்திருக்கிற இடம்.

"அங்க கன காலம் இருந்தனான். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலி. இங்க பாருங்கோ." கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். "ஒரு வேலியும் இல்லை. நானே ஓடி நானே வாறன். நீங்கள் கேட்டனீங்கள், வேலை போகாதுதானே, பிறகென்ன எண்டு. இதுதான்."

அப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். என் மனைவி கூட இருந்திருந்தால் இதை ஒரு அதிசயமாகக் குறித்துக்கொண்டிருப்பாள். இறங்கும்போது, என் வரிசையில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் இந்த மலையில் சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். சாப்பாடும் சறுக்குப் பெட்டியில்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

கொட்டகைக்கு வந்து நின்றோம். வண்டி கிளப்பிய பொடிப்பனி அதன் உடம்பெல்லாம் கோலமாவு கொட்டியது போல அப்பியிருந்தது. நான் குனிந்து பூட்டைத் திறக்கப் போனேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அங்கிள். அன்ரி, இங்க வாங்கோ, உங்களுக்கு ஒரு புதுமை காட்டுறன்" என்று என் மனைவியைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். "வண்டி முழுக்கப் பனி, பாத்தனீங்களோ? முருகன்ர முகத்தைப் பாருங்கோ. ஒரு பொட்டு ஒட்டாது. ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். ஒட்டின நாளில இருந்து!"

உண்மைதான். மூடியெங்கும் வெள்ளை. ஸ்டிக்கரின் நான்கு ஓரங்களுக்கு உள்ளே மட்டும் பனி இல்லை. முகத்திலும் மயிலின் கழுத்திலும் முத்து முத்தாகத் தண்ணீர்.

"வேர்த்திருக்குதுங்க முருகனுக்கு!" என்று மனைவி பரவசமாகத் தன் முந்தானையால் ஒற்றப் போனாள். ஒற்றியவள் கையை எடுத்தாள். "சுடுதுங்க."

நான் வண்டியைச் சுற்றி வலது பக்கம் போனேன். வலது மூடியில், இந்தப் பக்கம் முருகன் இருந்த அதே இடத்தில், அதே அளவில், வரிசை வரிசையாகக் காற்றுப் போகும் கண்கள். சல்லடை மாதிரி.

பெல்ட்டையும் கிளட்ச்சையும் குளிர்விக்கிற காற்று நுழையும் வழி அது. இடது பக்கத்திலும் அது இருந்திருக்கிறது. காலண்டர் அளவில் ஸ்டிக்கர் ஒட்ட அந்த வண்டியில் வாகாக வேறு இடம் இல்லாததால், முருகன் சரியாக அதன்மேல் வந்து உட்கார்ந்துவிட்டார். தடித்த பிளாஸ்டிக் என்பதால் அடியில் ஓட்டை இருப்பது வெளியே தெரியவில்லை. உட்பக்கத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானோ அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முன்பக்கத்தை என்னைப் பார்க்க வைத்து, ஒவ்வொரு முறையும் கும்பிட்டுவிட்டு, எங்கே பழுது என்று எதிரே தேடிக்கொண்டிருந்தேன். முருகனைச் சந்தேகிக்கும் பழக்கம் என் வரிசையில் எங்கும் இல்லை.

"ஏம்மா, இதை எப்ப ஒட்டினீங்க?"

"கோயில் கொடியேத்தத்துக்குப் போன சிநேகிதி கொண்டுவந்து தந்தவ. வெள்ளிக்கிழமை ஒட்டினனான். பிறகு ஞாயிறு போல முதல் பெல்ட்..." அங்கேயே நிறுத்தினார். என் முகத்தையும் முருகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ, முருகனாலயோ அங்கிள்?"

நான் ஸ்பானரைத் துடைத்தேன்.

"அவர் மேல பழி போடாதீங்க" என்றாள் மனைவி. "இவர் காலையில இருந்து தலைகீழா நின்னும் கண்டுபிடிக்கல. பனியை ஒட்டவிடாம, வேர்த்துக் காட்டி, தொட்டுப் பாருன்னு சொன்னது யாரு? அந்த மூச்சுவிடற ஓட்டையை மறைச்சது ஸ்டிக்கரு. காட்டிக் குடுத்தது முருகன்."

இந்தத் தர்க்கத்தில் எந்த இடத்தில் ஸ்பானரை வைப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அடுத்த சிக்கல், ஸ்டிக்கரை எடுப்பது. கத்தியை எடுத்தேன். "ஐயோ, கிழிச்சுப்போடாதேங்கோ!" என்று அந்தப் பெண்மணி குறுக்கே வந்து நின்றார். கடைசிப் பெல்ட் போனாலும் போகும், முருகனைக் கிழிக்க விடமாட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. வெந்நீர் ஊற்றினால் உறைந்துவிடும். நான் வரிசையில்லாத பிரதேசத்தில் நின்றுகொண்டிருந்தபோது, மனைவி பெட்டியைத் திறந்து தன் ஹேர் டிரையரை எடுத்தாள். மலைக்கு எதற்கு இது என்று முந்தின நாள் முழுவதும் நான் கேலி செய்த அதே ஹேர் டிரையர்.

"எடுத்துட்டு வரவேண்டாம்னு சொன்னது யாருங்க?"

"பிளக் எங்கே இருக்கு?" என்று பேச்சை மாற்றினேன்.

ஒருவர் சூட்டைக் காட்ட, ஒருவர் ஓரத்தை உரிக்க, முருகன் ஒரு கீறல் இல்லாமல் கழன்று வந்தார். பின்னால், கரிந்த ரப்பர் தூள் அப்பிய காற்றுக் கண்கள். துடைத்துச் சுத்தம் செய்தோம். மூடியைப் பூட்டினோம். முழுச் சாமானையும் ஏற்றினோம். அந்தப் பெண்மணி ஏறுவதற்குமுன் வழக்கம்போல இடது பக்கம் கையைக் கொண்டுபோய், அங்கே ஒன்றும் இல்லாததால் தடுமாறினார்.

"முருகன் எங்க?"

மனைவி கையில் இருந்தார். எங்கே வைப்பது என்று ஒரு சிறிய மாநாடு நடந்தது. சறுக்குப் பெட்டியில் ஒட்டலாம் என்றேன். "முருகன் பின்னால இழுபட்டுக்கொண்டு வாறதோ?" என்று அந்தப் பெண்மணி கேட்டதில் அந்த யோசனை செத்தது. கடைசியில் காற்றைத் தடுக்கும் முன்பக்கக் கண்ணாடியின் கீழ்ப்பக்கம், பார்வையை மறைக்காத உயரத்தில், வெளியே பார்க்கிற மாதிரி ஒட்டி, ஓரங்களுக்கு டேப் போட்டோம். "முன்னால பாத்துக்கொண்டு போகட்டும்" என்றார். இந்த முறை ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தை நான் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். ஒரு ஓட்டையும் இல்லை.

"வெளிக்கிடுவம்" என்று கிளம்பினார். நான் மறுபடியும் பின்னால் ஏறிக்கொண்டேன், சோதனைக்காக. அடுத்த பனிப் பேருந்தில் வரவிருந்த மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். விடுதிவரை நிறுத்தாமல் போனோம். மேலே போய்த் திறந்து புல்லியில் உள்ளங்கையை வைத்தேன். வைத்தபடியே இருக்க முடிந்தது. அவரும் வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்காமல் சிரித்தார். எங்கள் குழுவினர் பசியோடு வாசலில் நின்று, நாங்கள் ஏதோ பிறந்த குழந்தையைத் தொடுவது போலத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் செயலாளர் வந்தார். உயரமான, என் வயதுள்ள ஒரு வெள்ளைக்காரர். அவரையும் அவர் பெட்டியையும் அதே பெல்ட் மேலே கொண்டுவந்து சேர்த்தது. இறங்கியதும் மூடியைத் திறக்கச் சொல்லி, கையுறையைக் கழற்றி, புல்லியைத் தொட்டுப் பார்த்தார். வேலை தெரிந்தவர் போலிருக்கிறது. என்ன கோளாறு என்று கேட்டார். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"காற்றோட்டம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் அந்தப் பெண்மணி. பொய்யில்லை.

செயலாளர் தலையாட்டினார். வெளி ஆட்களுக்குப் போன் செய்ய வேண்டியதில்லை என்றார். பிறகு கண்ணாடியில் இருந்த முருகனைக் காட்டி இது யார் என்று விசாரித்தார். "என்ர மெக்கானிக்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவருக்கு வேறு ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மறுத்துப் பேசவும் என்னிடம் ஆதாரம் இல்லை.

அந்தப் பருவம் முடியும்வரை பெல்ட் மாற்றவில்லை என்று அந்தப் பெண்மணி என் மனைவியிடம் போனில் சொன்னார். போட்டோவும் அனுப்பியிருந்தார். எங்கும் வேலியில்லாத வெள்ளை வெளி, நடுவில் வண்டி, கண்ணாடியில் முருகன். இந்த முறை முருகன் முகத்திலும் எல்லாரையும் போலப் பனி.

நான் இன்றும் எதைப் பழுது பார்த்தாலும் வரிசைப்படிதான் பார்க்கிறேன். ஆனால் எல்லாம் பார்த்து முடித்து ஒன்றும் கிடைக்காதபோது, ஓட்டுகிறவரைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால், நான் கும்பிட்டுக் கதிரையில் உட்கார்த்தி வைத்திருப்பதன் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்கிறேன்.